பத்து நிமிஷத்து வெயில்

என் மகளுக்கு நாலு வயது முடியும்வரை நடுப்பகலில் தன் நிழல் எப்படி விழும் என்பது தெரியாது. அந்தியில் முற்றத்தில் விழும் நீண்ட மங்கல் நிழலைத்தான் அவள் கண்டிருந்தாள். பிறந்தபோதே அவள் பால் நிறம். தலைமுடி சணல் நிறம். வெளிச்சத்தைக் கண்டால் கண்கள் சுருங்கி மெல்ல ஆடும். ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, இது நோய் அல்ல, தோலில் நிறம் ஊறுகிற தன்மை பிறவியிலேயே இல்லை, மற்றவர்களுக்குத் தொற்றாது, ஆனால் வெயில் மட்டும் படக்கூடாது என்றார். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு முன்னால் ஆஸ்பத்திரி வளவு முழுக்க வெயில்தான் கிடந்தது.

மன்னார்த் தீவில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெண்மணலில் பட்டுக் கீழிருந்தும், கடல்நீரில் பட்டுப் பக்கவாட்டிலும் வரும். குடை பிடித்தேன், முழுக்கைச் சட்டை தைத்தேன், தொப்பி போட்டேன். அப்படியும் ஒருநாள் கிணற்றடிவரை போய்வந்ததில் அவளுடைய முகத்தில் நாடிக்கடியில் சிவந்துவிட்டது. குடைக்குள் இருந்த பிள்ளைக்கு நாடிக்கடியில் எப்படிச் சுட்டது என்று அன்று முழுக்க யோசித்தேன். மணல் என்று புரிந்தபோது அழுகை வந்தது. அதற்குப் பிறகு அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அப்படியே வைத்திருந்திருப்பேன், பள்ளிக்கூடம் ஒன்று இல்லாவிட்டால்.

நான் அடம்பன் பக்கத்து வயல்காரரின் மகள். மன்னார்க் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்து, எங்கள் ஊரில் முதன்முதலாக இங்கிலீஷில் கடிதம் எழுதப் பழகிய பெண். என் மகள் எழுத்துத் தெரியாமல் ஓர் அறைக்குள் வளர்வாள் என்பதை நினைக்கவே முடியவில்லை. நான் படித்த அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமைச் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் என்னை மாணவியாக அறிந்தவர்.

"சேர்க்கிறன் பிள்ளை, ஏன் சேர்க்காமல்? ஆனால் உம்மடை வீட்டிலையிருந்து இஞ்சை வர அந்த வெளி முழுக்கக் கடக்கவேணும். ஒரு மரமும் இல்லை. காலையிலை வந்து, மத்தியானம் வீட்டை போய்ச் சாப்பிட்டு, திரும்பி வரவேணும். நாலுதரம். பிள்ளைக்கு ஒண்டும் நடக்காதெண்டு நீர் எனக்குச் சொல்லுவீரோ?"

நான் ஜன்னல் வழியே அந்த வெளியைப் பார்த்தேன்.

"தைமாதம்வரைக்கும் இடம் வைச்சிருக்கிறன். ஒரு வழி கண்டுபிடிச்சுக்கொண்டு வாரும்," என்றார்.

டொக்டர் எழுதிய சீட்டை நான் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். குயினைனை வாசலினில் குழைத்துச் செய்யும் ஒரு களிம்பு. குயினைன் என்றால் எங்களுக்குக் காய்ச்சலுக்கு விழுங்கும் கசப்பு. தோலில் பூசினால் சூரியனின் சுடும் கதிரை அது உறிஞ்சிவிடுமாம். கடைத்தெருவில் சொந்த மருந்துச்சாலை வைத்திருந்த வயதான அப்போதிக்கரி ஒரு பீங்கான் சிமிழில் அதைக் குழைத்துத் தந்தார். காலையில் ஒருதரம் பூசினால் போதும் என்றார். நானும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் குயினைன் என்றால் காலையில் ஒருதரம்தான்.

ஆனால் அது வேலை செய்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளையின் தோலிலா பார்ப்பது? அந்தச் சிமிழ் ஒரு மாதம் திறக்கப்படாமல் இருந்தது.

என் கணவர் அரசாங்க வேலைப்பகுதிக் கந்தோரில் படம் வரைபவர். பாலங்கள், மதகுகள், துரைமார் தங்கும் விடுதிகளின் கூரைகள், எல்லாம் மையால் வரைந்து, அந்த வரைபடத்தைப் புளூபிரிண்ட் தாளின்மேல் வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து வெயிலில் வைப்பார். வெயில் பட்ட இடம் கழுவியதும் நீலமாகும். மைக்கோடு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். தாளின் ஓரங்களை வெட்டி எறிவார்கள். அந்தத் துண்டுகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றித் தகரக் குழாயில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளுடைய சீப்பு, ரிபன், வேப்பிலை என்று எதையாவது அதன்மேல் வைத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். கொஞ்ச நேரத்தில் சூரியன் படம் வரைந்து கொடுத்துவிடும். வெளியே போகமுடியாத பிள்ளைக்கு அது பெரிய விளையாட்டு.

என் கணவரின் தமக்கை, என் மச்சாள், எங்களுடன்தான் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். அந்த நீலத்தாள்களை அலுமாரித் தட்டுகளில் விரித்துவிட்டு, "என்ரை தம்பி கவண்மேந்துப் பாலத்தையெல்லாம் கொண்டுவந்து எங்கடை கோப்பைக்குக் கீழை போட்டிருக்கிறான்," என்பார்.

ஒருநாள் மகள் அந்தச் சிமிழை எப்படியோ திறந்து விரல் முழுக்கக் களிம்பை அள்ளிவிட்டாள். அந்தக் கையை ஒரு துண்டுத் தாளில் பதித்து எடுத்துவிட்டு, தாளை ஜன்னல் வெயிலில் வைத்திருக்கிறாள். கழுவி எடுத்தபோது நீலத்தின் நடுவே ஐந்து வெள்ளை விரல்கள். தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். களிம்பு இருந்த இடத்தில் வெயில் புகவில்லை.

உடனே சந்தேகமும் வந்தது. வெறும் எண்ணெய்ப்பசைக்கே இப்படி வருமோ? என் சந்தேகங்களுக்கு வீட்டில் நல்ல பெயர் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று மூன்றுதரம் திரும்பிப் பார்க்கிறவள் நான். கணவரிடம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

"இஞ்சாரும், மூண்டு கண்ணாடித்துண்டு எடும். ஒண்டு சும்மா. ஒண்டிலை வெறும் வாசலின். மற்றதிலை மருந்து. மூண்டையும் ஒரே தாளிலை, ஒரே நேரத்துக்கு வையும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். கந்தோரிலை நாங்கள் அவ்வளவுதான் வைக்கிறது. இந்த வெயிலுக்கு மிஞ்சி வைச்சால் தாள் கெட்டுப்போம்."

வைத்தோம். பத்து நிமிஷம் அவர் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவ நல்லதண்ணீர்தான் வேண்டும். எங்கள் கிணற்று உவர்நீரில் நீலம் வெளிறிவிடும் என்பதால் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு சட்டி எடுத்தேன். மச்சாள் முணுமுணுத்தார். சும்மா வைத்த கண்ணாடியின் கீழ் கடும் நீலம். வாசலினின் கீழும் நீலம். மருந்தின் கீழ் பால்போல வெள்ளை.

அந்த வெள்ளையை நான் நம்பினேன். இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

அடுத்த வாரம் மச்சாள் கடற்கரைக் கிராமமான கீரியில் இருந்த தன் சிநேகிதி வீட்டுக்குப் போகப் புறப்பட்டார். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறன். கரைவலை இழுக்கிறதை ஒருக்கா எண்டாலும் பாக்கட்டும். நீதான் பரீட்சை வைச்சுப் பாத்திட்டாயே," என்றார். நான் மகளின் முகம், கழுத்து, கை, பாதத்தின் மேற்புறம் எங்கும் களிம்பைத் தடவினேன். விடியற்காலையில் பூசினேன், ஒன்றுக்கு இரண்டு தடவையாக. வண்டி போனபின் வாசலில் நின்று, பூசாத இடம் ஏதும் விட்டேனா என்று மனதுக்குள் அவளை முழுதாகத் தடவிப் பார்த்தேன். விடவில்லை.

மத்தியானம் கழிந்து வந்தாள். நடந்து வரவில்லை, மச்சாள் தூக்கிக்கொண்டு வந்தார். பிடரியும் கைகளும் செக்கச் செவேல் என்று இருந்தன. பாதங்களில் கொப்புளம். சட்டை தொட்டாலே அலறினாள். மச்சாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடையும் பிடிச்சனான் பிள்ளை. நல்லாத்தான் விளையாடினவள். முதலிலை ஒண்டும் இல்லை, பிறகுதான்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்று நாள் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். கணவரின் கண்ணாடியையும் என் மருந்தையும் நொந்துகொண்டேன். நான் படித்தவள் என்ற நினைப்பில், பிள்ளையை ஒரு தாள்துண்டை நம்பி அனுப்பிவிட்டேன். தைமாதத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. சிஸ்டருக்கு முடியாது என்று எழுத இங்க் போத்தலைக்கூட எடுத்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் மச்சாள் அன்று சொன்னது மறுபடி காதில் ஒலித்தது. முதலில் ஒன்றும் இல்லை, பிறகுதான்.

பிறகுதான்.

பேனாவை வைத்துவிட்டுக் கணவரிடம் போனேன். "நாங்கள் பத்து நிமிஷம்தானே பாத்தனாங்கள். அது தாளுக்குத் தேவையான நேரம். பிள்ளை கீரியிலை நிண்டது எவ்வளவு நேரம்?"

அவர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "எனக்குப் பாலம் வரையிற பழக்கம். பத்து நிமிஷத்துக்கு மேலை நினைக்கவே இல்லை," என்றார். கந்தோர்ப் பழக்கத்தை எங்கள் பிள்ளைக்கு அளவுகோலாக்கிவிட்டோம். களிம்பின் முதல் பத்து நிமிஷத்தைத்தான் நாங்கள் சோதித்திருந்தோம். அது பொய் சொல்லவில்லை. நாங்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் தாளை நாள் முழுக்க வெயிலில் வைக்க முடியாது. அதனால் தாளை விட்டுவிட்டு, களிம்பை வெயிலில் வைப்பது என்று முடிவு செய்தேன். களிம்பு தடவிய கண்ணாடியைக் காலையில் கிணற்றுக் கட்டின்மேல் கிடையாக வைத்து, இரண்டு மணித்தியாலம் காயவிட்டு, அதற்குப் பிறகு புதுத்தாளின்மேல் பத்து நிமிஷம். அப்படிப் பார்த்தால் இரண்டு மணித்தியாலம் வெயில் தின்ற களிம்பு எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

கண்ணாடியை வைத்துவிட்டு உள்ளே வந்ததும் வழக்கம்போல மனம் அரித்தது. கெட்டுப்போனால் வெளிச்சத்தாலா, சூட்டாலா? சூட்டுக்கு உருகி மெலிந்துபோயிருந்தால்? திரும்ப ஓடினேன். இன்னொரு கண்ணாடியில் அதே அளவு களிம்பு தடவி, ஒரு பிஸ்கோத்துத் தகரப்பெட்டிக்குள் வைத்து மூடி, முதல் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்தேன். சூடு இரண்டுக்கும் உண்டு. வெளிச்சம் ஒன்றுக்குத்தான்.

மச்சாள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற வந்தவர் பார்த்துவிட்டார். "இதென்னடி, ஒண்டு வெயில் காயுது, மற்றது பெட்டிக்குள்ளை ஒளிச்சிருக்குது?"

"சோதினை, மச்சாள்."

"கழுதை வந்து மிதிக்கப்போகுது உன்ரை சோதினையை," என்றார். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலமும் கதிரையைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, வேலிக்கு வெளியே ஒழுங்கையில் திரிந்த கழுதைகளை விரட்டியபடி காவல் இருந்தவரும் அவர்தான்.

வெயிலில் இருந்த களிம்பு தேயிலைச் சாயம்போல் பழுத்திருந்தது. தகரத்துக்குள் இருந்தது உருகியிருந்தாலும் நிறம் மாறவில்லை. இரண்டையும், ஒரு சும்மா கண்ணாடியையும் புதுத்தாளில் பத்து நிமிஷம் வைத்துக் கழுவினோம். மூடிவைத்ததன் கீழ் வெள்ளை. வெயில் காய்ந்ததன் கீழ் நீலம். சும்மா கண்ணாடிக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

மச்சாள், "எடி பிள்ளை, மருந்துக்கே வெயில் சுட்டுப்போட்டுது!" என்றார். ஜன்னலுக்கு உள்ளே பாதத்தில் துணி சுற்றியபடி இருந்த மகள், "மருந்துக்கும் குடை பிடிக்கவேணும்," என்றாள். கீரிக்குப் பிறகு நாங்கள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

தாள்துண்டுகளை எடுத்துக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போனேன். வாசலில் நின்று ஒருதரம் திரும்பினேன். பெரியவரிடம் போய் உங்கள் மருந்து கெட்டது என்று எப்படிச் சொல்வது? நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு அப்போதிக்கரியின் முகம் சுருங்கியது.

"என்ன தங்கச்சி, என்ரை கையிலை பிழை பிடிக்க வந்தனீங்களோ?"

"இல்லை ஐயா. உங்கடை கையிலை பிழை இல்லை. மூடிவைச்சது நல்லாத்தான் நிண்டது. இஞ்சை பாருங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டித் தாள்களை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து குயினைன் போத்தலை எடுத்துக் காட்டினார். கபில நிறக் கண்ணாடிப் போத்தல்.

"இதை ஏன் இப்பிடிப் போத்தலிலை தாறாங்கள் எண்டு எனக்கும் தெரியும், முப்பது வருஷமாய். வெளிச்சத்திலை பழுத்துப்போம் எண்டுதான். போத்தலுக்குள்ளை காப்பாத்தினன்; பிள்ளையின்ரை தோலிலை போட்டு வெயிலுக்கு அனுப்பிப்போட்டன். யோசிக்கேல்லைப் பாருங்கோ." குரலில் கோபம் போயிருந்தது. இன்னொரு சிமிழை எடுத்தார். "குழந்தைப்பிள்ளையளுக்கு வேர்க்குருவுக்குக் கொடுக்கிற துத்தநாகக் களிம்பு. இது கல்லுமாதிரி, வெயிலுக்கு அசையாதெண்டு நினைக்கிறன். நினைக்கிறன் எண்டுதான் சொல்லுறன். நீங்கள் சோதிச்சுப் பாத்துப்போட்டு எனக்கும் வந்து சொல்லுங்கோ."

சோதித்தேன். இரண்டு மணித்தியாலம், பிறகு நாலு மணித்தியாலம். வெயிலில் இருந்ததும் தகரத்தில் இருந்ததும் ஒரே மாதிரி வெள்ளை. அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கண்ணாடிக்கு வேர்க்காது, பிள்ளைக்கு வேர்க்கும். அந்தக் களிம்பை என் கழுத்தில் பூசிக்கொண்டு உரல் இடித்தேன், தண்ணீர் அள்ளினேன், அடுப்படியில் நின்றேன், அடிக்கடி கைக்கண்ணாடியில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் இடைவேளை மணி அடிக்கிற நேரத்துக்கு முன்பே கழுத்து மடிப்புகளில் அது வழிந்து போயிருந்தது. அப்படியானால் காலையில் ஒருதரம் போதாது. இடைவேளையில் ஒருதரம், மத்தியானம் புறப்படமுன் ஒருதரம், சாப்பிட்டுத் திரும்பப் போகமுன் ஒருதரம், பின்னேரம் வீட்டுக்கு வரமுன் ஒருதரம்.

இன்னுமொரு தடை இருந்தது. அது பூசியவுடன் மகளின் முகம் கூத்துக்கு வேஷம் கட்டியதுபோல் ஆகியது. ஒழுங்கைப் பிள்ளைகள் ஏற்கெனவே அவளைத் துரைச்சாணி என்று கூப்பிட்டார்கள். மகள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம்," என்றாள். மச்சாள் சுவருக்குப் பூச வைத்திருந்த காவிக்கட்டியை அரைத்து, துணியில் வடித்து, ஒரு சிட்டிகை களிம்பில் குழைத்தார். பிஸ்கோத்து நிறம் வந்தது. கிட்ட நின்று பார்த்தால்தான் பூச்சு என்று தெரியும்.

"நல்லாயிருக்குது மச்சாள். ஆனால்..."

"தெரியும், தெரியும்," என்றார். "கண்ணாடியைக் கொண்டு வா. தகரப்பெட்டியும் எடுத்து வைச்சிருக்கிறன்."

அதுவும் வெள்ளையாக நின்றது. அப்போதிக்கரியிடமும் போய்ச் சொன்னேன். இனிமேல் காவியும் சேர்த்தே குழைக்கிறேன், நீங்கள் அம்மியில் அரைக்கவேண்டாம், நானே அரைக்கிறேன் என்றார்.

மார்கழிக் கடைசியில் தாள்களை எல்லாம் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். மேசைமேல் வரிசையாக வைத்தேன். கீரியில் நடந்ததையும் மறைக்கவில்லை. அவர் நீலத்தையும் வெள்ளையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்த மூடிவைச்ச கண்ணாடி ஆரின்ரை யோசனை?"

"என்ரைதான் சிஸ்டர். எனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்."

"அது எனக்குத் தெரியும். கணக்குத் தாளை மணி அடிச்சாப்பிறகும் தராத பிள்ளை நீர்." கொஞ்சம் யோசித்தார். "இப்ப சொல்லுவீரோ, பிள்ளைக்கு ஒண்டும் நடக்காதெண்டு?"

சொல்ல வாய் வந்தது. ஆனால் அப்படிச் சொல்ல என்னிடம் தாள் இல்லை. "அப்பிடிச் சொல்ல ஏலாது சிஸ்டர். நேரத்துக்கு நேரம் பூசினால், தொப்பியும் குடையும் இருந்தால், அந்த வெளியைக் கடக்கலாம் எண்டு சொல்லுவன். அவ்வளவும் தெரியும். இடைவேளைக்கு நான் வந்து பூசிவிடுறன்."

"நீர் வரவேண்டாம்," என்றார். "சிமிழை என்ரை மேசையிலை வையும். நான் பூசிறன். நீர் ஒவ்வொரு மணிக்கும் கதவடியிலை வந்து நிண்டால் பிள்ளை புத்தகத்தைப் பாக்குமோ, உம்மைப் பாக்குமோ?"

பள்ளி தொடங்கிய நாள் காலையில் மச்சாள் குடையும், மகள் தொப்பியும், நான் சிமிழுமாக வெளியைக் கடந்தோம். நடுவே மகள் நின்றுவிட்டாள். எங்கே எரிகிறது என்று பதறிக் குனிந்தேன். அவள் குடைக்கு வெளியே கையை நீட்டி, மணலில் விழுந்த கைநிழலின் விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உள்ளே இழுக்க எழுந்த என் கையை நானே பிடித்துக்கொண்டேன். பிஸ்கோத்து நிறப் பூச்சு இருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சிமிழைக் கொடுத்துவிட்டு வந்தேன். இடைவேளை மணி காற்றில் வீடுவரை கேட்டது. அந்த நேரத்தில் நான் அடுப்படியில் சுளகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூசியிருப்பாரா, பிடரியில் முடிக்குக் கீழே விட்டிருப்பாரா, காதுக்குப் பின்னால்? வேலிப் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைவரை இரண்டுதரம் போனேன். இரண்டுதரமும் திரும்பி வந்தேன்.

மத்தியானம் மச்சாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடந்துதான் வந்தாள். வாசலிலேயே இருத்தி, ஈரத்துணியால் பிடரியைத் துடைத்தேன். காவி துணியில் வந்தது. கீழே தோல் காலையில் இருந்த அதே நிறம். காதுக்குப் பின்னாலும் பார்த்தேன். பாதத்தையும் பார்த்தேன்.

"என்ன, கழுவி எடுத்த தாளிலை நீலம் வந்திட்டுதோ?" என்றார் மச்சாள்.

"வரேல்லை."

மகளுக்கு எங்கள் பேச்சில் அக்கறை இல்லை. "அம்மா, கெதியாய்ச் சோறு தாங்கோ. திரும்பப் போகவேணும். 'அ' எழுதிக்கொண்டிருக்கேக்கை மணி அடிச்சுப்போட்டினம், முடிக்கேல்லை," என்றாள்.

நான் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டில் வைத்திருந்த இன்னொரு சிமிழைத் திறந்தேன்.